இணுவில் பிடில் ஐயாவிடம் வயலின் திருத்தக் கொடுக்கலாமா?

யாழ்ப்பாணத்தில் பிள்ளையை வயலின் வகுப்புக்கு விட்டிருக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இணுவில் பக்கம் பழைய பிடில்காரர் ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் இருந்து வயலின் திருத்திக் கொடுக்கிறார். போர்டு கிடையாது, பில் கிடையாது, போன் அடித்தால் நினைத்தபோது எடுப்பார். ஆனால் வேலை என்று பார்த்தால் ரவுணில் காசு கொடுத்துச் செய்வித்ததை விட எவ்வளவோ மேல். பெயரையும் நம்பரையும் இப்படிப் போடுவது அவருக்கு விருப்பமில்லை, பிள்ளையின் சங்கீத ரீச்சரைக் கேளுங்கள், அநேகமாகத் தெரிந்திருக்கும்.

எங்களுடையது 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கிய சீன வயலின். பின்பலகை ஓரத்தில் விலகி, வாசிக்கும்போது ஒரு இரைச்சல். ஒரு கடையில் கொடுத்தோம், வெள்ளை பைண்டர் கம் பூசி இறுக்கித் தந்தார்கள், ஐப்பசி மழை தொடங்க இரைச்சலும் திரும்பத் தொடங்கிவிட்டது. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை வேறு கிட்ட வந்துவிட்டது, மகள் ஒரே அழுகை.

ஐயா வயலினை வாங்கி, விரல் மொழியால் ஓரத்தைச் சுற்றிவர மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் மட்டும் சத்தம் செத்துக் கேட்டது. "தம்பி, இதை ஆர் ஒட்டினது? மேசைக்கு ஒட்டுறதைக் கொண்டுவந்து இதுக்கு ஒட்டியிருக்கிறாங்கள்" என்றார். அவர் பாவிப்பது வச்சிரம், முந்தித் தச்சுவேலைக்காரர் வைத்திருந்த தோல் பசை. சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் சின்னப் பேணியை வைத்து இளக்கித்தான் பூசுகிறார், நாற்றம் கொஞ்சம் இருக்கும். வயலினுக்குப் போடுகிற ஒட்டு, விடவேண்டிய நேரத்தில் விடவேண்டுமாம். பலகை ஈரத்துக்குப் பொருமினால் ஒட்டுத் திறக்கும், திரும்ப ஒட்டலாம். விடாத பசையைப் போட்டால் பலகைதான் வெடிக்கும். பழைய வெள்ளைப் பசையைச் சுரண்டி எடுக்கத்தான் அவருக்குக் கூடுதல் நேரம் போனது, ஒட்டினது கொஞ்ச நேரம்தான்.

இந்த வேலையை எங்கே பழகினீர்கள் என்று கேட்டுவிடாதீர்கள், கேட்டால் மத்தியானச் சாப்பாட்டை மறக்கவேண்டியதுதான். எனக்கு நட்டமில்லை, நான் கேட்டேன். 1995 ஒக்ரோபர் 30 போர்க்கால இடப்பெயர்வில், வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த இரவு, இவர் சைக்கிள் கரியரில் பிடில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மழைக்குள் போயிருக்கிறார். கொடிகாமத்தில் பெட்டியைத் திறந்தால் பிடில் தனித்தனிப் பலகையாகக் கிடந்ததாம். அங்கே இருந்த ஒரு தச்சரிடம் வச்சிரம் வாங்கித் தானே ஒட்டியது முதல் வேலை. அதற்கு முன்பே, மின்சாரமும் இல்லாமல் பொருளாதாரத் தடையும் இருந்த வருடங்களில், நாங்கள் சைக்கிள் டைனமோ சுற்றிப் பாட்டுக் கேட்ட காலம், தந்தி அறுந்தால் வாங்க இடமில்லை. பிறேக் வயரைப் பிரித்து அதில் ஒற்றை இழையை முதல் தந்தியாகக் கட்டிக் கோயிலில் வாசித்திருக்கிறார். "நாதம் இல்லை, ஆனா சுருதி நிண்டது" என்றார்.

கதாப்பிரசங்கம், பண்ணிசை, பிறகு அரங்கேற்றம் என்று ஆயுள் முழுக்கப் பக்கவாத்தியம்தான். மாலையும் பொன்னாடையும் பாடுகிறவருக்கு, பிடில்காரருக்கு நன்றியுரையில் அரை வரி. இப்போது நடன நிகழ்ச்சிகளில் பாதிக்குப் பென் டிரைவில் பாட்டு வந்துவிடுகிறது, அதனால்தான் திருத்தவேலை அவருக்குக் கைச்செலவுக்கு ஆகிறது. இதைக் கோபமில்லாமல்தான் சொல்கிறார், எனக்குத்தான் கேட்கச் சங்கடமாக இருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். வாசிக்கத் தெரிந்தவர் திருத்துவதில் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கியது வயலின் கழுத்தில்தான். கடை வயலின் மேலைநாட்டு முறைக்கு, ஜி டி ஏ ஈ என்று சுருதி கூட்டி, தோளில் வைத்து வாசிக்க வருவது. எங்கள் பிள்ளைகள் சம்மணம் கட்டி இருந்து, தலைப்பக்கத்தை வலது காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று அதைவிடக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள், கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து இழுப்பதற்கு, கை மேலும் கீழும் வழுக்கி ஓடவேண்டும். கழுத்தில் பூசியிருந்த வார்னிஷ் மகளின் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. ஐயா அதை நைஸ் மண்தாளால் தேய்த்து எடுத்துவிட்டார். தந்திகளைத் தாங்கி நிற்கிற குதிரையைச் சீவி மெல்லியதாக்கினார், உள்ளே நிற்கிற சின்னக் கட்டையை ஒரு மயிரளவு நகர்த்தினார், தந்தி ஓடுகிற வெட்டுகளில் பென்சில் கரி பூசினார். இறக்கிக் கட்டிய தந்தி முன்பு தொளதொளவென்று கிடந்தது, இப்போது கீழ் ஷட்ஜம் நிறைந்து கேட்கிறது. எல்லாவற்றுக்கும் 4,500 ரூபாய் எடுத்தார், நான் இதைவிடக் கூடுதலாக எதிர்பார்த்திருந்தேன்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. சொன்ன தவணைக்கு வேலை முடியாது. ஆடி, ஆவணியில் கொடுக்கவே வேண்டாம், நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் மனிதர் வீட்டில் நிற்கமாட்டார். வில்லுக்குக் குதிரைமயிர் மாற்றுவது அவரிடம் பலவீனம், மயிர் ஆராவது வெளியிலிருந்து வரும்போது கொண்டுவந்தால்தான் உண்டு, அதுவரை உங்கள் வில் சுவரில் தொங்கும்; அவசரமென்றால் புது வில் வாங்கிவிடுங்கள். திருத்த வந்த பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வயலினைத் தருவார், பிழையாக வாசித்தால் அங்கேயே திருத்தம் நடக்கும். என் மகளுக்கு அது பிடித்துக்கொண்டது, கூச்சமுள்ள பிள்ளை என்றால் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, தந்தியை முறுக்குகிற பிரடை வழுக்குகிறது, இறுகிவிட்டது என்பதற்கெல்லாம் அவரிடம் ஓட வேண்டாம். வெயில் காலத்தில் வழுக்கினால் சோக்குக்கட்டியைத் தேய்க்கலாம், மழைக்கு இறுகினால் காய்ந்த சவர்க்காரத்தைக் கொஞ்சம் தடவலாம். இதை அவரே சொல்லித்தந்தார், காசு கேட்கவில்லை.