மறுவிற்பனைக் கணக்குக்கு இருபடிச் சமன்பாடு: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். "வாங்கினார், விற்றார், லாபம் இவ்வளவு" என்று வரும் வார்த்தைக் கணக்குகளை இருபடிச் சமன்பாடாக மாற்றிப் போடுவது பல வருடப் பழக்கம். சமன்பாடு கையில் வந்துவிட்டால் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறார்கள். கணக்கைப் படித்துச் சமன்பாடு அமைப்பதிலும், வந்த விடையைக் கணக்கில் வைத்துப் பார்ப்பதிலும்தான் மதிப்பெண் போகிறது.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஒருவர் கைக்கடிகாரத்தை 24 ரூபாய்க்கு விற்கிறார். எத்தனை ரூபாய்க்கு வாங்கினாரோ, அத்தனை சதவீதம் நட்டம். வாங்கிய விலை என்ன?

விலையை 'வ' என்று வைத்தால் நட்டம் வ²/100. ஆகவே வ − வ²/100 = 24. ஒழுங்குபடுத்தினால் வ² − 100வ + 2400 = 0, காரணிகள் (வ − 40)(வ − 60). இரண்டு மூலமும் (சமன்பாட்டின் விடைகள்) நேர் எண்கள். குறை எண்ணாக வரும் ஒன்றை அடித்தே பழகிய கை இங்கேயும் ஒன்றை அடித்துவிடும். அடிக்கக் கூடாது! 40 ரூபாயில் 40 சதவீதம், அதாவது 16 போனால் 24. 60 ரூபாயில் 60 சதவீதம், 36 போனாலும் 24. இரண்டையும் எழுத வேண்டும்.

இதையே லாபமாக்கி, விற்ற விலை 75 என்றால் வ² + 100வ − 7500 = 0. இங்கே 50 மட்டும்தான் நிற்கும், −150 விலையாகாது. காரணி தேடிப் பிள்ளைகள் திணறும் இடமும் இதுதான். எண் பெரிதானால் யோசிக்காமல் சூத்திரத்துக்குப் போகச் சொல்வேன். அதில் வர்க்கமூலத்துக்குள் வரும் 40000-க்கு வர்க்கமூலம் 200 என்று உடனே முடிந்துவிடும்.

அடுத்தது எண்ணிக்கைக் கணக்கு. 1200 ரூபாய்க்குச் சில பொம்மைகள் வாங்கி, 5 உடைந்துபோக, மீதியை வாங்கிய விலைக்கு மேல் ஒன்றுக்கு 6 ரூபாய் வைத்து விற்றதில் மொத்தம் 60 ரூபாய் லாபம். எத்தனை வாங்கினார்? இதற்கு எண்ணிக்கை, ஒன்றின் விலை, மொத்தம் என்று மூன்று கட்டம் போட்டு, வாங்கியதை ஒரு வரியிலும் விற்றதை அடுத்த வரியிலும் நிரப்பச் சொல்கிறேன். எண்ணிக்கை 'எ' என்றால் விற்ற வரி (எ − 5)(1200/எ + 6) = 1260. சுருக்கினால் எ² − 15எ − 1000 = 0; எ = 40. உடைந்த ஐந்தைக் கழிக்க மறப்பவர்கள்கூடக் கட்டம் போட்டால் மறப்பதில்லை.

எண்ணிக்கைக்குப் பதில் விலையை மாறியாக எடுத்தாலும் தவறில்லை. அப்போது வ² + 18வ − 1440 = 0; வ = 30, 1200/30 அதே 40. நாம் ஒதுக்கிய மூலங்களும் பொருந்துகின்றன: அங்கே −25, இங்கே −48, பெருக்கினால் 1200! சமன்பாடு சரியாக அமைந்ததா என்று பார்க்க இதைத்தான் அதிகம் நம்புகிறேன். ஆனால் தேர்வில் கேட்டது எண்ணிக்கை என்றால் எண்ணிக்கையையே மாறியாக எடுப்பது நல்லது. விலையைக் கண்டுபிடித்ததும் விடை வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்துபவர்கள் நிறைய.

கைக்கடிகாரக் கணக்கைச் சொந்தமாக உருவாக்க நினைப்பவர்கள் விற்ற விலையை 25-க்கு மேல் வைக்காதீர்கள். 26 என்று வைத்தால் தன்மைக்காட்டி (சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் எண்) 10000 − 10400, அதாவது −400. அப்படி ஒரு விற்பனையே நடக்காது. கூட்டினால் 100 வரும் இரண்டு விலைகளை எடுத்துப் பெருக்கி நூறால் வகுங்கள், விற்ற விலை கிடைத்துவிடும். 30, 70 என்றால் 21. 20, 80 என்றால் 16.