உமையாளா, சிகப்பியா?

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் பேத்திக்கு அப்பத்தா (அப்பாவின் அம்மா), ஆயா (அம்மாவின் அம்மா) பெயரைச் சூட்டும் வழக்கம் உண்டு. அப்படி வரும் பெயர்களில் இந்த இரண்டும் பழையவை.

உமையாள் என்றால் பார்வதி. காரைக்குடியில் உமையாள் இராமநாதன் மகளிர் கல்லூரி இருப்பதால் இளையவர்களுக்கும் பழகிய பெயர்; தயக்கமின்றி வைக்கலாம்.

சிகப்பிக்குத்தான் பரிந்து பேச ஆள் தேவை. சிவந்தவள் என்று பொருள். கருப்பாயி, வெள்ளையம்மாள் போல நிறத்திலிருந்து பிறந்த பெயர். வடமொழிச் சாயல் துளியும் இல்லை. வெளியூர்களில் அரிது. பள்ளியில் கேலி செய்வார்களோ என்று பெற்றோர் தயங்குவது புரிகிறது. ஆனாலும் என் தேர்வு சிகப்பிதான்: நான்கே எழுத்து, வேறு யாருடனும் குழம்பாது, கூப்பிடவும் இனிமை. அப்பத்தா பெயர் அதுவானால், வீட்டோடு நிறுத்திவிடாமல் பிறப்புச் சான்றிதழிலேயே எழுதுங்கள்.