பால்கட்டுக்கு எது, தொண்டைக்கு எது? சீன மருத்துவத்தில் டான்டெலியனும் அதன் போட்டியாளர்களும்

சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிற, சீழ் வைக்கிற எதுவானாலும் சீன வைத்தியர் முதலில் தேடுவது "சூட்டைத் தணித்து நஞ்சை முறிக்கும்" மூலிகைகளைத்தான். அந்தக் கூட்டத்தில் ஒன்று டான்டெலியன். சீனத்தில் பு கோங் யிங் என்பார்கள். மஞ்சள் பூ பூத்து, பஞ்சு போன்ற விதைகளைக் காற்றில் பறக்கவிடும் அதே செடிதான். அதோடு எப்போதும் போட்டிக்கு நிற்பவை மூன்று. ஹனிசக்கிள் பூவின் மொட்டான ஜின் யின் ஹுவா, ஊதாப்பூ பூக்கும் வயோலாச் செடியான ஸி ஹுவா தி திங், காட்டுச் சாமந்தியான யே ஜு ஹுவா. நான்குமே குளிர்ச்சி, நான்குமே கட்டி, புண்களுக்குப் போகும். எது வீரியம் அதிகம் என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. கட்டி எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று கேட்டால் வரும்.

மார்பில் என்றால் யோசிக்கவே வேண்டாம், டான்டெலியன். தாங் அரசு 659-இல் வெளியிட்ட மருந்து நூலில் இந்தச் செடி முதன்முதலாக இடம்பெற்றபோதே, பெண்களின் மார்பில் வரும் சீழ்க்கட்டிக்கு என்றுதான் எழுதினார்கள். கஷாயம் வைத்துக் குடி, மேலே பற்றும் போடு என்பது அதில் உள்ள செய்முறை. இதற்குச் சீன மருத்துவம் சொல்லும் காரணம், நாடித்தடங்களின் கணக்கு, அதாவது உடலுக்குள் உயிராற்றல் ஓடுவதாக அது சொல்லும் பாதைகளின் கணக்கு. மார்பு இரைப்பைத் தடத்தில் வருகிறது, காம்பு கல்லீரல் தடத்தில் வருகிறது. டான்டெலியன் நுழைவதாகச் சொல்லப்படும் தடங்களும் இதே இரண்டுதான். இந்தத் தடக் கணக்கை நம்ப வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. ஆனால் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக ஏன் இந்த ஒரு செடியையே பால்கட்டுக்கு எடுத்தார்கள் என்பது இதை வைத்துப் புரியும். பச்சையாகக் கிடைத்தால் இடித்துச் சாறு குடித்துவிட்டு, சக்கையை மேலே வைத்துக் கட்டுவார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பால் கொடுக்கும் பெண்ணுக்குக் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்து, மார்பில் கல் போல வீக்கம் இருந்தால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. சீழ் கோத்துவிட்டால் ஆன்டிபயாட்டிக் வேண்டும், சீழை வெளியே எடுக்கவும் வேண்டியிருக்கும். இந்த மூலிகை பற்றி வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சோதனைக்குழாயிலும் எலியிலும் நடந்தவை.

தொண்டைப் புண்ணும் காய்ச்சலுமாக வந்தால் ஹனிசக்கிள் முந்திக்கொள்ளும். அது நுரையீரல், இருதயம், இரைப்பைத் தடங்களுக்குப் போவதாகக் கணக்கு. இனிப்பும் குளிர்ச்சியும் கலந்தது, லேசான மணம் உண்டு. உடலின் மேற்பரப்பில் நிற்கும் சூட்டை வெளியே தள்ளும் என்பார்கள். கோவிட் காலத்தில் ஊரெல்லாம் பேசப்பட்ட லியான்ஹுவா சிங்வென் என்னும் சீன மூலிகை மாத்திரையிலும் இது இருக்கிறது. டான்டெலியனும் தொண்டைக்கு ஆகும்தான், ஆனால் காய்ச்சலின் தொடக்கத்தில் அது முதல் தேர்வு இல்லை.

ஹனிசக்கிளின் சிக்கல் விலை. பூ விரிவதற்கு முன்பே மொட்டை ஒவ்வொன்றாகக் கையால் பறிக்க வேண்டும், விரிந்தால் தரம் போச்சு. 2003-இல் சார்ஸ் பரவியபோது விலை எங்கேயோ போனது. விலை ஏறும் இடத்தில் கலப்படமும் வரும். அதோடு தென் சீனாவில் விளையும் அதன் உறவுக்காரச் செடியின் மொட்டும் முன்பு இதே பெயரில்தான் விற்றது. 2005-இல் சீன மருந்துக் கோவை, அதாவது மருந்துகளின் தரத்தைச் சொல்லும் அரசு நூல், அதைத் தனிப்பெயரில் பிரித்துவிட்டது. டான்டெலியனுக்கு இந்தத் தலைவலியெல்லாம் கிடையாது. வயல் வரப்பில் தானாக முளைப்பது, பூ விடத் தொடங்கும்போது வேரோடு பிடுங்கிக் காயவைத்தால் முடிந்தது. படு மலிவு, ஆனால் பெரிய பலன் தருவது, உலகத்தாருக்குத்தான் இதைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று 17-ஆம் நூற்றாண்டு வைத்தியர் சென் ஷிதுவோ அங்கலாய்த்திருக்கிறார். அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வயிற்றுச் சூட்டைத் தணிக்கும் மற்றச் சரக்குகளை நாள்கணக்கில் குடித்தால் வயிறு கெடும், இது சூட்டைத் தணித்தாலும் வயிற்றைக் கெடுக்காது என்பது அவர் வாதம்.

விரலில், முகத்தில் ஆணி அடித்தது போல ஆழமாக வேர்விட்டு வலிக்கும் கொப்புளம் என்றால் ஊதாப்பூ வயோலா. பாம்புக்கடிக்கும் இதைப் பழைய நூல்கள் சொல்கின்றன. இன்று பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான். இதை வாங்குவதிலும் ஒரு குழப்பம் உண்டு. தி திங் என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது. டான்டெலியனுக்கே மஞ்சள் பூ தி திங் என்று ஒரு பெயர் உண்டு. கோரிடாலிஸ் இனச் செடி ஒன்றும் கசப்பு தி திங் என்று விற்கிறது. முழுப்பெயர் கேட்டு வாங்குவது நல்லது.

காட்டுச் சாமந்தியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண் சிவப்புக்கும் கொப்புளத்துக்கும் போடுவார்கள், கசப்பு கொஞ்சம் ஓவர். டீக்கடையில் கிடைக்கும் சாமந்தி டீ என்று நினைத்து வாங்கினால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். கண்ணுக்கு என்றால்கூட டான்டெலியனுக்கு ஒரு வக்கீல் இருந்தார். 1860 முதல் 1933 வரை வாழ்ந்த வைத்தியர் ஜாங் ஷிசுன், கண் வீங்கிச் சிவந்து வலித்தால் பச்சை டான்டெலியன் நான்கு லியாங் (பழைய சீன எடை) எடுத்து இரண்டு கிண்ணமாகக் காய்ச்சி, ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதன் ஆவியைக் கண்ணில் பிடிக்கச் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் போட்டியாளர்கள் நால்வரும் ஒரே பானையில் கொதிக்கவும் செய்கிறார்கள். 1742-இல் சிங் அரசவை தொகுத்த மருத்துவ நூலில் உள்ள ஐந்து சரக்குக் குடிநீரில் ஹனிசக்கிள் 3 சியன் (லியாங்கில் பத்தில் ஒரு பங்கு ஒரு சியன்), மற்ற மூன்றும் தியன்குயி என்னும் கிழங்கும் தலைக்கு 1.2 சியன். கடைசியில் கொஞ்சம் சாராயம் விட்டு, குடித்துப் போர்த்திப் படுத்து வியர்க்கவிட வேண்டும். அளவைப் பார்த்தாலே அங்கே யார் தலைவர் என்று தெரிந்துவிடும், டான்டெலியன் துணைக்கு வருகிறது. ஆகவே கொப்புளத்துக்கு டான்டெலியன் மட்டும் போதும் என்று சொல்லும் விளம்பரங்களைப் பாரம்பரியமே ஆதரிக்கவில்லை. அதன் தனி ராஜ்ஜியம் மார்பும் வயிறும், அப்புறம் எரிச்சலோடு போகும் மூத்திரமும்தான்.

இன்னொரு போட்டியாளர் கடலுக்கு அப்பால் இருக்கிறார், அது ஐரோப்பிய டான்டெலியன். சீனாவில் மருந்தாவது மங்கோலிய இனமும் அதன் நெருங்கிய உறவுகளும், வேரோடு முழுச்செடி. ஐரோப்பியர் இலையைத் தனியாக மூத்திரம் போக்கவும், வேரைத் தனியாகச் செரிமானத்துக்கும் பித்தநீர் சுரக்கவும் எடுக்கிறார்கள். வேரை வறுத்துக் காப்பிக்குப் பதிலாகக் குடிப்பதும் அவர்கள் வழக்கம்தான். 2009-இல் 17 பேருக்கு இலைச்சாறு கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், முதல் வேளைக்குப் பிறகு அவர்கள் அடிக்கடி மூத்திரம் போனது பதிவானது. அதை வைத்துக்கொண்டு சீன முறைப் பால்கட்டு வைத்தியத்தை நியாயப்படுத்தவும் முடியாது, வறுத்த வேர் டீயைக் குடித்துக் கட்டி கரையும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. இணையத்தில் டான்டெலியன் டீ வாங்குபவர்கள் டப்பாவில் வேரா, இலையா, முழுச்செடியா என்று பார்ப்பதே இல்லை.

வடகிழக்குச் சீனாவில் வசந்த காலம் வந்தால் இளம் இலையைக் கழுவி, சோயாக் கூழில் தோய்த்துப் பச்சையாகவே சாப்பிடுவார்கள். கசக்கும், ஆனால் அந்தக் கசப்புக்காகவே சாப்பிடுகிறார்கள். உணவாகவும் மருந்தாகவும் ஆகும் பொருள்கள் என்று சீனச் சுகாதார அமைச்சகம் 2002-இல் வெளியிட்ட பட்டியலில் டான்டெலியனும் ஹனிசக்கிளும் இருக்கின்றன, வயோலா இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்றே ஒன்று என்று கேட்டால் நான் டான்டெலியனைத்தான் சொல்வேன், இந்தக் காரணத்துக்காகவும் விலைக்காகவும்.

மருந்துக் கோவை சொல்லும் ஒருநாள் அளவு, காய்ந்த டான்டெலியன் 10 முதல் 15 கிராம், ஹனிசக்கிள் 6 முதல் 15, வயோலா 15 முதல் 30, காட்டுச் சாமந்தி 9 முதல் 15. அளவு மீறினால் டான்டெலியனே பேதியாக்கும். ஏற்கெனவே வயிறு இளகிப் போகிறவர்கள், குளிர்ந்த உடம்புக்காரர்கள் நான்கையும் தள்ளி வைப்பது நல்லது. சாமந்தி வகைப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு டான்டெலியனும் காட்டுச் சாமந்தியும் ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம். பித்தக் குழாயில் கல் அடைத்திருப்பவர்களும், மூத்திர மாத்திரை அல்லது லித்தியம் எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் டான்டெலியனைத் தொடக் கூடாது.