'அன்பிளக்ட்' போதைத் தடுப்புப் பாடத்திட்டம்: எட்டாம் வகுப்புக்கு எடுக்கலாமா?

போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி, தெருமுனை வரை பேரணி, காவல் ஆய்வாளரின் அரை மணிப் பேச்சு. ஐ.நா. போதைப்பொருள் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட தடுப்பு நெறிகளின் இரண்டாம் பதிப்பில், பலன் தராத அல்லது பாதகமாகவும் முடியக்கூடிய வழிகள் தனியாகவே சொல்லப்பட்டிருக்கின்றன: வெறும் சொற்பொழிவு, மீண்டு வந்தவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பது, போலீஸ்காரரை வைத்துப் பாடம் நடத்துவது. நம் விழா நிகழ்ச்சி நிரலைப் பார்த்தே எழுதியதோ என்று தோன்றும்.

சரி, வேறென்ன செய்வது என்று கேட்கும் தலைமையாசிரியர்கள் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது 'அன்பிளக்ட்'. ஐரோப்பிய ஆய்வாளர் குழு உருவாக்கியது. 12 முதல் 14 வயதுவரை உள்ளவர்களுக்கான 12 பாடங்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். வெளியாள் வேண்டாம், வகுப்பாசிரியரே நடத்த வேண்டும். ஆசிரியர் கையேடு, மாணவர் பயிற்சிப் புத்தகம், ஓர் அட்டைக் கட்டு, அவ்வளவுதான் சரக்கு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. செலவெல்லாம் ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டிய மூன்று நாள் பயிற்சியில். அதைத் தவிர்த்துவிட்டுக் கையேட்டை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தால், இதுவும் இன்னொரு நீதிபோதனை வகுப்பாகிவிடும்.

2004 முதல் 2007 வரை ஏழு ஐரோப்பிய நாடுகளில், 143 பள்ளிகளில், சுமார் 7,000 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். பாடம் முடிந்து மூன்று மாதத்தில், பாடம் கேட்காதவர்களைவிட இவர்களிடம் தினசரி சிகரெட் பிடிப்பது ஏறத்தாழ 30 சதவீதமும், போதையேறக் குடிப்பது 28 சதவீதமும் குறைவாக இருந்தன. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது குடியில் கிடைத்த பலன் நிலைத்திருந்தது. சிகரெட்டில் கிடைத்தது கரைந்துவிட்டது. பலன் பையன்களிடம் தெரிந்த அளவுக்குப் பெண் பிள்ளைகளிடம் தெரியவில்லை. விளம்பரத்தில் இந்த இரண்டு வரியையும் யாரும் போட மாட்டார்கள் என்பதால் இங்கே சொல்லி வைக்கிறோம்.

இதில் சிறந்த பாடம் எது என்றால் நான்காவது. "உன் வயதுப் பிள்ளைகள் 100 பேரில் எத்தனை பேர் புகையிலை பயன்படுத்துகிறார்கள்?" என்று கேட்டு, பெயர் போடாத சீட்டில் ஆளுக்கோர் எண் எழுதி வாங்க வேண்டும். 40, 50 என்றெல்லாம் வருவது சகஜம். பலகையில் சராசரி போட்ட பிறகு உண்மை எண்ணை எழுத வேண்டும்: 2019-ஆம் ஆண்டின் உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 13–15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம். 45 பேர் வகுப்பென்றால் நான்கு பேருக்குக் கொஞ்சம் குறைவு. "எல்லாரும்தான் போடுறாங்க" என்ற நினைப்பு ஆட்டம் காணும் இடம் இது. கெடுவதும் இங்கேதான். "நம்ம வகுப்பில் எத்தனை பேர்?" என்று ஆசிரியர் வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், எல்லாக் கண்ணும் கடைசி பெஞ்சுக்குப் போய்விடும். அப்புறம் அந்தப் பையன் மீதி எட்டுப் பாடமும் வாயைத் திறக்க மாட்டான்.

ஆறாவதும் ஏழாவதும் மனதில் உள்ளதைச் சொல்லவும் மறுக்கவும் பழக்குகின்றன. நேராகக் கண்ணைப் பார்த்து, தெளிவாக, ஒரே வரியில் மறுக்கச் சொல்லும் பாணி சம வயது நண்பனிடம் செல்லும். நம் ஊரில் முதல் பொட்டலத்தை நீட்டுவது பெரும்பாலும் தெரு அண்ணனோ சித்தப்பா மகனோதான். அவரிடம் எட்டாம் வகுப்புப் பையன் நிமிர்ந்து நின்று மறுத்தால் அதற்குத் திமிர் என்று பெயர். ஆகவே இரண்டு விதமாகவும் நடித்துப் பார்க்க வைக்க வேண்டும். "ஒரு வாட்டிதான்டா, ஒண்ணும் ஆகாது" என்பவனிடம் "எனக்கு வேணாம்டா" போதும். அண்ணனிடம் "வேணாம்ணே, வீட்டுல தேடுவாங்க, நான் கிளம்புறேன்" என்று சொல்லிக்கொண்டே காலை எடுத்து வைக்கப் பழக்க வேண்டும். வாயில் வார்த்தை நிற்பது நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்த பிறகுதான். நீட்டுபவன் வேடத்தை வகுப்பின் கோமாளிக்குக் கொடுத்துவிடாதீர்கள். கைதட்டல் முழுக்க அவனுக்குப் போய், மறுப்பவன் அசடாகிவிடுவான். அந்த வேடத்தை ஆசிரியரே எடுத்துக்கொள்வது நல்லது.

ஆசிரியர்கள் நைசாகக் கழற்றிவிடுவதும் இந்த நடிப்புப் பாடங்களைத்தான். ஐரோப்பியச் சோதனையிலேயே 12 பாடங்களும் நடந்தது பாதிக்குச் சற்று அதிகமான வகுப்புகளில்தான்.

தகவல் பாடங்கள் சுமார் ரகம். ஐந்தாவது முழுக்கச் சிகரெட்டைப் பற்றியது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கு அங்கே உதட்டுக்குள் அடக்கும் 'கூல் லிப்' ரகப் புகையிலை வர வேண்டும். முகரும் பொருள்களையும் விட முடியாது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை அதுதான்: 10–17 வயதில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. ஆனால் எந்தப் பொருளை எப்படி முகர்கிறார்கள் என்று விளக்கிவிடக் கூடாது; தெரியாத நாற்பது பேருக்குச் செய்முறை சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

மூன்றாவது பாடமான மதுவைத்தான் தயங்கித் தயங்கி எடுக்க வேண்டும். பிரேசில் அரசு இதே திட்டத்தைத் 'தமோஜுன்ட்டு' என்ற பெயரில் எடுத்து 72 பள்ளிகளில் சோதித்தது. ஒன்பது மாதத்தில், பாடம் கேட்ட பிள்ளைகள் முதன்முதலாக மதுவைத் தொடும் வாய்ப்பு கேட்காதவர்களைவிட 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. முகரும் பொருள்களில் மட்டும் நல்ல பலன். பிறகு திட்டத்தைத் திருத்தி இரண்டாம் பதிப்பு போட வேண்டியதாயிற்று. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒயின் இருக்கும் ஐரோப்பாவுக்கு எழுதிய பாடத்தை, மது வாங்க 21 வயது ஆக வேண்டிய தமிழ்நாட்டில் அப்படியே நடத்துவது வம்பு. "குடித்தால் என்ன கிடைக்கும்" என்று நல்லதையும் கெட்டதையும் பட்டியல் போடச் சொல்லும் பகுதி எதையும் வைக்காதீர்கள். குடிகார அப்பா உள்ள பிள்ளையும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடவும் கூடாது.

நேரக் கணக்கு: 12 பாடமும் சேர்த்து 720 நிமிடம். 40 நிமிடப் பீரியடில் 18 வகுப்பு. வாரம் ஒன்று என்றால் ஜூலையில் தொடங்கி டிசம்பருக்குள் முடியும். வட்டமாக உட்கார வைக்கச் சொல்வது 45 பேருக்கு நடக்காது. ஒன்றுவிட்டு ஒரு பெஞ்சைத் திருப்பிப் போட்டு ஐந்தைந்து பேராகப் பிரித்தால் ஒன்பது குழு. எட்டாம் வகுப்புதான் சரியான இடம். பத்தாம் வகுப்பில் யாரும் பீரியட் தர மாட்டார்கள். பெற்றோர் கூட்டம், மாணவர் தலைவர்கள் என்ற இணைப்புகளால் சோதனையில் தெளிவான கூடுதல் பலன் கிடைக்கவில்லை. பணமும் ஆளும் குறைவென்றால் முதலில் அதை வெட்டலாம்.

இது தொடாத பிள்ளைக்கான பாடம். ஏற்கெனவே பழகிவிட்டவனுக்கு இதில் மருந்து இல்லை. முதல் பாடத்துக்கு முன்பே பள்ளியில் யாரிடம் சொல்லலாம் என்று ஒருவரைத் தீர்மானித்து, 14446 மறுவாழ்வு உதவி எண்ணையும் 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்துவிடுங்கள். சொன்னவனின் பையைச் சோதனை போட்டு மாற்றுச் சான்றிதழ் கிழிக்கும் பள்ளியாக இருந்தால், தயவுசெய்து இந்தத் திட்டத்தை எடுக்க வேண்டாம்.