29,500 ரூபாய்க்கு வாங்கிய ஆறுதல்: மூக்கு அறுவைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

மூக்குத்தண்டில் இருந்த மேட்டைச் சரிசெய்ய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. அறுவை செய்த மருத்துவர்மீது எனக்குக் குறையில்லை. சென்னையில் உள்ள அந்த அழகுச் சிகிச்சை மையம் ‘மனத் தயாரிப்பு ஆலோசனை’ என்று 25,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 29,500 ரூபாயைத் தனியாகக் கறந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். அறுவைக்கு முன் மூன்று அமர்வு, பின்பு ஒரு மாதம் எந்நேரமும் அழைக்கலாம் என்பது பேச்சு.

முதல் நாள் அந்த ஆலோசகர் கதவைச் சாத்தி, தம் கைபேசியை அணைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டு, “இனி நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்” என்றார். அந்த இழுப்பறையில்தான் நான் ஏமாந்தேன். பள்ளியில் என்னைக் ‘கிளிமூக்கி’ என்று கூப்பிட்டது முதல், முகவாய் உள்வாங்கியிருக்கிறதே என்ற கவலை, நான்கு மாதத்துக்கு முன் நிச்சயம் முறிந்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன், எழுதிக்கொண்டார். ஏன் இப்போதே, இது யாருக்காக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாம் அமர்வு தேதி குறிப்பதிலேயே போயிற்று, மூன்றாவது நடக்கவே இல்லை.

ஏழாம் நாள் மூக்கின்மேல் இருந்த கட்டை எடுத்தபோது நுனி தடித்து, கண்ணடியில் கருநீலம் மஞ்சளாகிக்கொண்டிருக்க, கண்ணாடியில் யாரோ ஒருத்தி நின்றாள். வீக்கம் முழுதாக வடிய ஓராண்டுகூட ஆகலாம், முதல் சில வாரங்களில் ‘ஏன்தான் செய்துகொண்டோமோ’ என்று மனம் இடிவது பலருக்கும் உண்டு என்பதை அன்றைக்குத்தான் மருத்துவர் நின்றவாக்கில் சொன்னார். இதை முன்பே கேட்டுக்கொள்ளத்தானே 29,500 ரூபாய் கொடுத்தேன்?

அன்றிரவு அழுதுகொண்டே ஆலோசகருக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். மறுநாள் வந்த பதில்: “முகவாய்க்கு ஃபில்லர் ஊசி போட்டால் மூக்கு எடுப்பாகத் தெரியும் மேடம், இந்த மாதம் சலுகை இருக்கிறது.” என் கவலைகளை எழுதிவைத்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

அதன்பின் அழைத்தபோதெல்லாம் வரவேற்பில் இருந்தவர் ஒருநாள் “மேடம் விடுப்பில்” என்றார், மறுநாள் “வீக்கம் வடிந்தால் மனதும் சரியாகிவிடும்” என்றார், மூன்றாம் நாள் “பேக்கேஜில் ரீஃபண்ட் கிடையாது” என்று வைத்துவிட்டார். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டுமே, எண் என்ன என்று நேரில் போய்க் கேட்டேன். அந்த ஆலோசகர் நோயாளிகள் தொடர்புப் பிரிவு ஊழியர்தானாம். கடைசியில் நள்ளிரவில் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டது 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். அதற்கு ஒரு காசு கட்டணமில்லை.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. ஆலோசகரின் படிப்பையும் பதிவு எண்ணையும் பணம் கட்டுமுன் கேளுங்கள். அமர்வுகளின் எண்ணிக்கையை ரசீதில் எழுதி வாங்குங்கள். மனமுறிவு ஏற்பட்ட சூட்டில் தேதி குறிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். என் ரசீதில் அந்த 29,500 ரூபாய்க்கு நேரே ‘சேவைக் கட்டணம்’ என்று மட்டுமே இருக்கிறது.