மூன்று மழைக்காலம் தாங்கிய வால்டியூப்

கோத்தகிரியில் இருக்கிறோம். மகள் ஒன்றாம் வகுப்பு படித்தபோது, பாகங்களைப் பூட்டிப் பொம்மை செய்யும் 'குட்டி இன்ஜினியர்' வகையறாப் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இப்போது அவள் நான்காம் வகுப்பு. அந்தப் பெட்டியில் மிச்சம் இருப்பது மோட்டார் மட்டும்தான்.

முதல் மாதம் ஒரே கொண்டாட்டம். படத்தில் இருந்த காரையும் கிரேனையும் செய்து முடித்தோம். அடுத்து என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆடி மாதம் வருவதற்குள் நட்டு போல்ட்டெல்லாம் துரு. ஒரு பல்சக்கரத்தில் இரண்டு பல் போனது, அது தனியாகக் கிடைக்கவில்லை. சரி, பரணில் போட்டாயிற்று.

அப்புறம் வந்ததுதான் வால்டியூப், சைக்கிள் டியூப் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய். சின்னச் சின்னதாக நறுக்கி, இரண்டு முனையிலும் தீக்குச்சியைச் செருகினால் மடங்கும் மூட்டு தயார். மத்தியப் பிரதேசப் பள்ளிகளுக்கான ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் இருந்தபோது, 1978 வாக்கில், கழிவுப் பொருளில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா செய்துகாட்டிய வழி இது. மலையில் சைக்கிள் குறைவு என்பதால், மேட்டுப்பாளையம் இறங்கியபோது நாலு மீட்டர் வாங்கி வந்தேன். தீக்குச்சி மருந்தைச் சுரண்டுவது என் வேலை.

முதலில் சதுரம் செய்தாள். தொட்டதும் சாய்ந்துவிட்டது. முக்கோணம் அசையவில்லை. "நாலு குச்சியைவிட மூணு குச்சி எப்படிப்பா ஸ்ட்ராங்கு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி வைக்கப் பார்த்தாள், தீக்குச்சி எட்டவில்லை. விளக்குமாற்று ஈர்க்குச்சியை அளந்து ஒடித்து, மூட்டில் ஊசியால் ஓட்டை போட்டுச் செருகினாள். அரை மணி நேரம் ஆனது. பெட்டி மூன்று மாதத்தில் கற்றுத்தராத விஷயம் அது.

இரண்டாம் வருடம் குன்னூர் ஸ்டேஷனில், ஊட்டி மலை ரயில் இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்காகத் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் 12-க்கு 1 வரை போகும், இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். வீட்டில் 60 செ.மீ. பலகையின் ஒரு முனையை 5 செ.மீ. உயர்த்தினால் கிட்டத்தட்ட அதே சரிவு. பரணிலிருந்து மோட்டாரை எடுத்து, பாட்டில் மூடியைச் சக்கரமாக்கி ஒரு வண்டி செய்தோம். அது சாதாரணமாகவே ஏறிவிட்டது! "அப்ப ரயிலுக்கு மட்டும் எதுக்குப் பல்லு?" இரும்பின் மேல் இரும்பு வழுக்கும், மழையில் இன்னும் மோசம், இழுக்கும் பாரமும் அதிகம் என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை. பலகையை 20 செ.மீ.க்கு உயர்த்தினாள். சக்கரம் சுற்றியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்து, உள்ளே இருக்கும் நெளியைச் சக்கரத்திலும் பலகையிலும் ஒட்டியதும் கடகடவென்று ஏறியது. ஒரு வாரம்தான். அப்புறம் மூடுபனியில் நெளி நமுத்துத் தட்டையாகிவிட்டது.

பனி நாளில் ஃபெவிகால் காயாது, அடுப்படியில் இரவு முழுக்க வைக்க வேண்டும். சூடாக்கி ஒட்டும் பசைத் துப்பாக்கியால் என் கட்டைவிரல் கொப்பளித்ததிலிருந்து அதைப் பிள்ளை கையில் கொடுப்பதில்லை. பட்டன் பேட்டரி இருக்கும் பெட்டி வேண்டவே வேண்டாம். இரண்டு வயதுத் தம்பி ஒருவன் வீட்டில் இருக்கிறான், எதையும் விழுங்கிவிடுவான்.

முதல் நாலு மீட்டர் தீரவில்லை. ரப்பர் லேசாக விறைத்திருக்கிறது, மூட்டு இன்னும் பிடிக்கிறது.