சாம்பா ஷேரில் டிஸ்க் அளவு தப்பாகக் காட்டினால்: மூன்று வழிகள், ஒரு ஒப்பீடு

இசட்எஃப்எஸ் (கோப்பு முறைமை) மேல் ஓடும் சாம்பா (விண்டோஸுக்குக் கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) சர்வரில் அடிக்கடி எழும் புகார் இது: பூலில் (டிஸ்க்குகளின் தொகுப்பில்) 8 டிபி இருக்கிறது, ஆனால் விண்டோஸில் மேப் செய்த டிரைவ் 3 டிபி என்கிறது. டிஸ்க் கெட்டுப்போகவில்லை. ஷேர் செய்த மேல் டேட்டாசெட்டில் (டேட்டாசெட் என்பது பூலுக்குள் இருக்கும் தனிப் பகுதி) நேரடியாக 200 ஜிபி, அதற்குள் இருக்கும் உள் டேட்டாசெட்டுகளில் 5 டிபி, காலி 2.8 டிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாசெட்டின் மொத்த அளவு கேட்டால் இசட்எஃப்எஸ் அதன் சொந்த டேட்டாவையும் காலியிடத்தையும் மட்டுமே கூட்டிச் சொல்லும். 0.2 + 2.8 = 3. உள்ளே இருக்கும் 5 டிபி அந்தக் கணக்கில் வராது.

இங்கே காலியிடம் சரி, மொத்தம்தான் தவறு. முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். மொத்தம் தப்பினால் குழப்பத்தோடு போகும். காலியிடம் குறைவாகத் தெரிந்தால் விண்டோஸ் காப்பியையே தொடங்க விடாது.

சாம்பாவின் ‘மேக்ஸ் டிஸ்க் சைஸ்’ அமைப்பை இதற்குப் பலர் பரிந்துரைப்பார்கள், பயனில்லை. எம்பியில் கொடுக்கும் அந்த எண் காட்டும் அளவைக் குறைக்க மட்டுமே செய்யும், கூட்டாது. அந்த எல்லையைத் தாண்டி எழுதுவதையும் தடுக்காது. பெரிய டிஸ்க்கைக் கண்டால் திணறும் பழைய மென்பொருளுக்கு மட்டும் பொருந்தும்.

‘டிஃப்ரீ கமாண்ட்’ என்ற சாம்பா அமைப்பு உடனடி நிவாரணம். சாம்பா ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி, அது தரும் இரண்டு எண்களை (மொத்த பிளாக், காலி பிளாக்) அப்படியே விண்டோஸுக்குச் சொல்லும். இசட்எஃப்எஸ் தரும் ‘யூஸ்டு’ (பயன்பட்டது), ‘அவைலபிள்’ (காலி) மதிப்புகளைச் சுருக்காத பைட்டில் எடுங்கள். இரண்டின் கூட்டுத்தொகை மொத்தம். இரண்டையும் 1024 ஆல் வகுத்து அச்சிட்டால் 8 டிபி சரியாக வந்துவிடும், ஏனென்றால் ‘யூஸ்டு’வில் உள் டேட்டாசெட்டுகளும் ஸ்னாப்ஷாட்டுகளும் (ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைத்த பிரதிகள்) அடக்கம். வகுக்க மறந்தால் 8 டிபி, 8 பிபி (பெட்டாபைட்) ஆகிவிடும். சாம்பா பிளாக்கை 1024 பைட் என்றே எடுத்துக்கொள்கிறது. வகுக்காமல் விட வேண்டுமானால் மூன்றாவது எண்ணாக பிளாக் அளவு 1 என்று தர வேண்டும். ஸ்கிரிப்டுக்குள் கட்டளைகளை முழுப் பாதையோடு எழுதுங்கள். ஸ்கிரிப்ட் கோப்பு ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்குக்கு) சொந்தமாக, ரூட் மட்டுமே எழுதக்கூடியதாக இருக்கட்டும். கிளையண்டுகள் அதிகமென்றால் ‘டிஃப்ரீ கேஷ் டைம்’ 60 வினாடி வையுங்கள். இயல்பில் அது 0, அதாவது ஒவ்வொரு கேள்விக்கும் ஸ்கிரிப்ட் ஓடும்.

நிரந்தரத் தீர்வு மூன்றாவதுதான்: துறைக்கு ஒரு டேட்டாசெட், ஒவ்வொன்றுக்கும் தனி ஷேர், ரெஃப்கோட்டா (இசட்எஃப்எஸ் டேட்டாசெட்டுக்கு வைக்கும் அளவு எல்லை). மேல் ஷேர் வழியாக உள்ளே போனால் விண்டோஸ் மேல் ஷேரின் எண்ணையே காட்டும் என்பதால் தனி ஷேர் கட்டாயம். கோட்டாவைவிட ரெஃப்கோட்டா ஏன்? கோட்டாவில் ஸ்னாப்ஷாட்டும் சேரும். ஒருவர் 50 ஜிபி அழித்தும் காலியிடம் அசையாது, போன் வரும். ரெஃப்கோட்டா உயிரோடிருக்கும் டேட்டாவை மட்டும் எண்ணும். ஆனால் ஸ்னாப்ஷாட்டுகள் பூலையே நிரப்பினால் அதுவும் காப்பாற்றாது, பூலைக் கண்காணித்தே ஆக வேண்டும்.

இதற்கு உழைப்பு அதிகம். இருக்கும் கோப்புறையை அப்படியே டேட்டாசெட்டாக மாற்ற முடியாது. பெயர் மாற்றி, புதிதாக உருவாக்கி, அனுமதிகளோடு காப்பி செய்ய வேண்டும். அதன்பின் டேட்டாசெட்டுகளுக்கிடையே கோப்பை நகர்த்தினால் பெயர் மாற்றமாக நடக்காது, முழுக் காப்பியாகும், மெதுவாகத்தான் போகும்.

ரெஃப்கோட்டாவுக்கு மாறியதும் அந்த ஷேரிலிருந்து டிஃப்ரீ வரியை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் ஸ்கிரிப்ட் சொல்வதே எடுபடும். ஸ்கிரிப்ட் மேல் டேட்டாசெட்டின் எண்களைத் தந்தால், எல்லையைவிட அதிக இடம் காட்டி, காப்பி பாதியில் நின்றுவிடும்.